பாவா சாய்ந்த சுவர்

என் வீட்டுக் கூடத்துச் சுவருக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். அதற்கு ஏன் தெருவே துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து எட்டிப் பார்த்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும். சுவர் என்னுடையது.

முன்பு அது எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பளபளவென்று ஆரஞ்சு நிறம். நடுவில் தங்க நிறத்தில் ஒரு பூங்கொடி. அதன் கீழே கண்ணாடி ஷோகேஸ். உள்ளே யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த தாஜ்மகால், காது உடைந்த பீங்கான் நாய், ஒரு தடவைகூடக் காபி ஊற்றாத ஆறு கப்புகள். இதில் ஒன்றையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. திருத்தணியில் இந்த வீட்டைக் கட்டும்போது நான் காலையில் ரயிலேறி அரக்கோணம் போவேன். அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் திரும்பி வருவதற்குள் பாவா அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியதையெல்லாம் முடிவு செய்திருப்பார்.

பாவா என்றால் என் கணவரின் அண்ணன். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு, அதனால் அந்த முறைப்பெயர். அவர் குடியிருப்பது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில். ஆனால் எங்கள் வீட்டுத் தரைக்கல், கதவு, ஜன்னல் கம்பி, சுவரின் நிறம் எல்லாம் அவர் வாக்கு. "நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போம்மா" என்பார். என் கணவர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடுகிறவர். ஒரு வண்டியை ஏமாந்து விடமாட்டார். அண்ணன் சொன்னால் மட்டும் "ஆங்ண்ணா". அதோடு சரி.

இருபது வருஷம் அந்த ஆரஞ்சைப் பார்த்தேன். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதுதான் எதிரே நிற்கும். அப்புறம் ரயிலில் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒருநாள் அந்தப் படம் வந்தது. யார் வீடோ, எந்த ஊரோ. வெறும் சுவர். மழைக்கு முந்தின வானம் போல லேசான சாம்பல் வெள்ளை, அங்கங்கே கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் மெலிவு. முன்னால் உயரம் குறைந்த ஒரு மரப்பலகை, ஒரு மண்தொட்டியில் ஒரே ஒரு செடி. லைம்வாஷ் என்று போட்டிருந்தது. இப்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறார்களாம். எல்லோரும் செய்கிறார்களோ இல்லையோ, எனக்கு அந்தச் சுவரின் முன்னால் உட்கார வேண்டும் போல இருந்தது. இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்க மறக்கப் பார்த்தேன்.

மணவூரிலிருந்து ஒரு பெயின்டரை வரவழைத்தேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா, லைம்வாஷ்னு சொல்லி பயமுறுத்திட்டீங்க. இது சுண்ணாம்பும்மா. எங்க நைனா மாட்டுக் கொட்டாய்க்கு அடிச்சிகினு இருந்தாரு."

"அப்போ உங்களுக்கு அடிக்கத் தெரியும்."

"தெரியாம இன்னா? ஆனா இந்த மாரி மேகம் மேகமா அடிச்சா, வேலை தெரியாதவன் அடிச்சதுன்னு என்னைத்தான் ஏசுவாங்கோ."

"ஏசறவங்கள என்கிட்ட அனுப்புங்க. நீங்க அடிங்க."

ஷோகேஸ் போயிற்று. தாஜ்மகாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், நாயை யாரும் வாங்கவில்லை. ஆரஞ்சைச் சுரண்டவே மூன்று நாள் ஆனது, வீடெல்லாம் தூசி. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, வடிகட்டி, துளி கரி கலந்து, நார் மட்டையால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, காயக் காய வந்தது பாருங்கள் அந்த நிறம்! படத்தில் இருந்த மாதிரி ஒரு செடித்தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தேன். சமைக்கவில்லை. என் கணவர் உப்புமா கிண்டினார்.

செய்தி நகரிக்குப் போனது. மறுநாளே பாவா வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? சுண்ணாம்பா?"

"ஆங், பாவா."

"சுண்ணாம்பு அடிச்ச வூட்லேர்ந்து வெளிய வர எங்களுக்கு எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா? சுவத்துல சாஞ்சா முதுகெல்லாம் வெள்ளை ஒட்டிக்கும். அப்பிடியே இஸ்கூலுக்குப் போனா, பசங்க சுண்ணாம்பு முதுகுன்னு கூப்புடுவானுங்க. எனக்குப் பேரே அதான். அத்த மறக்கத்தான் உங்களுக்குப் பளபளன்னு அடிச்சிக் குடுத்தேன். நீ இன்னாடான்னா திரும்ப அதுக்குள்ள தள்ற."

பொய் சொல்லமாட்டேன், அந்தப் பட்டப்பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் வீட்டுக் கூரையில் ஊதா சீரியல் விளக்கு ஏன் ஓடுகிறது, தரை ஏன் முகம் தெரிகிற மாதிரி மின்னுகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் பட்டது நிஜம். அதற்காக நான் சாகிற வரைக்கும் ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

"நீங்க வேற வழியில்லாம அடிச்சீங்க பாவா. நான் புடிச்சு அடிக்கறேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருக்கு நான் சொன்ன முதல் எதிர்ப் பேச்சு அது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி செடியைப் பார்த்தார். "பாக்கறேன், எத்தினி நாளிக்கு நிக்குதுன்னு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூன்றே வாரம்தான் நின்றது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீடு வீடாக இருக்காது. பாவா தலைமையில் நகரி, புத்தூர் சொந்தமெல்லாம் காவடியோடு வந்து இறங்கும். சரவணப் பொய்கையில் முழுகி, மஞ்சள் துணி உடுத்தி, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, அரோகரா போட்டு மலையேறி, இறங்கி வந்து எங்கள் கூடத்தில்தான் விழும். அந்த வருஷமும் அப்படித்தான். ஈரம் காயாத மஞ்சள் முதுகோடு ஆண்கள் எல்லோரும் வரிசையாகச் சுவரில் சாய்ந்தார்கள். பாவா வழக்கம்போல நடுவில். அங்கே சாய்ந்துகொண்டுதான் அவர் யாருக்கு எங்கே பெண் பார்ப்பது, யார் வீட்டுக்கு என்ன பெயின்ட் என்றெல்லாம் சொல்வார். நான் அடுப்படியில் சாம்பார் வாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இலை போட எழுந்தார்கள். ஒரு பெண் வீலென்று கத்தினாள்.

சுவர் முழுக்க முதுகுகள். மஞ்சளாக இல்லை, சிவப்பாக. குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி, பதினோரு சிவப்பு முதுகு. "ரத்தம், ரத்தம்" என்றார் ஒருவர். "சாமி குத்தம்" என்றார் இன்னொருவர். ஐயோ முருகா, நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாத பெண் எங்கள் பக்கம் உண்டா? எத்தனை கல்யாணத்துக்கு இந்தக் கையால் ஆரத்தி கரைத்திருக்கிறேன்! தட்டில் கரைக்கத் தெரிந்தவளுக்குச் சுவரில் கரையும் என்று தோன்றவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அதையும் அடுப்படிக்குப் போய்த்தான் அழுதேன்.

பாவா கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "நாளிக்கே நம்மாள அனுப்பறேன். டப்பா பெயின்ட் அடிச்சிட்டா தொடைச்சாப் போயிடும். நிறம் நான் சொல்லி வுடறேன்." என் கணவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும் என்ன வரும் என்று. வந்தது. "ஆங்ண்ணா."

மறுநாள் ஆள் வந்தார், இரண்டு வாளியோடு. மூடியில் நிறத்தைப் பார்த்தேன். ஆரஞ்சேதான், கொஞ்சம் வெளுத்த ஆரஞ்சு. வாசலிலேயே மோர் கொடுத்து, வாளிகளோடு திருப்பி அனுப்பினேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். எத்தனை கால் என்று முயலைப் பிடித்தவள் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே மட்டையை எடுத்தேன். முதல் கோட்டில் சிவப்பு போகவில்லை, இன்னும் சிவந்தது. விட்டுவிடலாமா என்று இருந்தது. இரண்டாவது கோட்டில் ரோஸ் ஆனது. மூன்றாவது காய்ந்ததும் மேகம் திரும்பி வந்தது. சுண்ணாம்பில் இது ஒரு நல்ல குணம், மேலே மேலே வாங்கிக்கொள்ளும். பத்து முதுகை மறைத்தேன். நடுவில் இருந்த ஒன்றை மட்டும் விட்டேன். அகலமான முதுகு, இடது தோள் கொஞ்சம் இறக்கம், மேலே தலை வைத்த இடத்தில் எண்ணெய் வட்டம். யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

"அத்த ஏன் உட்டுட்ட?" என்றார் என் கணவர்.

"அத்த அவரு வந்து அடிக்கட்டும்."

அவர் தொட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் அந்த முதுகோடு குடித்தனம் நடத்தினேன். வெளுத்துச் செங்காவியாக நின்றது. வந்தவர்கள் கேட்டால், "எங்க பாவா" என்பேன். புதிதாக வந்த டிசைனா என்று கேட்டவர்களும் உண்டு.

அடுத்த ஆடி வந்தது. நான் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: வாங்க, சாப்பிடுங்க, தாராளமாகச் சாயுங்க. சாய்ந்தவர்கள் அவரவர் இடத்தை அடித்துவிட்டுப் போக வேண்டும். கூடத்து மூலையில் சுண்ணாம்புத் தொட்டியையும் மட்டையையும் எடுத்து வைத்தேன். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று உள்ளூரப் பயம்தான். வந்தார்கள். போன வருஷத்தைவிட நான்கு பேர் அதிகம்.

பாவா மலையிலிருந்து இறங்கி வந்து, வழக்கமான இடத்துக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா? இங்க மட்டும் உட்டிருக்க?"

"அது உங்களுது பாவா."

"ஒரு வருசமாவா?"

"ஆங். நீங்க வந்து அடிப்பீங்கன்னு வச்சிருக்கேன்."

அவர் மனைவி, என் ஓரகத்தி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா பயமா தெரியவில்லை. பாவா தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், அந்த மட்டையை எட்தாந்து நீ அடிச்சி வுடு."

இவர் இப்போது "ஆங்ண்ணா" என்று எழுந்தால் முடிந்தது. சுவர் மறுபடியும் அவர்களுடையது. என் கணவர் மட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ சுவருண்ணா. அவ சொன்னா நான் அடிப்பேன். அவ உன்னத்தான சொல்றா."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு வாங்கிக் கொடுத்த எந்த நகையும் இந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது. எல்லோர் முன்னாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துடைத்துக்கொள்ளவில்லை.

பாவா வேட்டியை மடித்துக் கட்டி, மட்டையைத் தொட்டியில் முக்கி, ஒரு இழுப்பு இழுத்தார். செங்காவி பளிச்சென்று சிவந்தது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"இன்னாம்மா, இன்னும் செவக்குது?"

"முதல் கோட்டு அப்பிடித்தான் பாவா. மூணு அடிக்கணும்."

மூன்றும் அடித்தார். சின்ன வயதில் அடித்த கை போலிருக்கிறது, மட்டை தானாகப் போனது. வியர்த்துக் கொட்டியது, தாடியில் சுண்ணாம்புத் துளி. முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் முதுகைச் சுவர் பக்கம் திருப்பியவர், தொடுவதற்கு முன் சட்டென்று நின்றார்.

"சாயலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஈரம் பாவா. காயட்டும்" என்றேன்.

அவர் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.