செவ்வாய்க்கிழமைகளில் கிளம்பாத கார்

சிவப்பும் கறுப்புமான அந்த இரண்டு வயர்களை நான் வெறுத்த அளவுக்கு எந்த மனிதரையும் வெறுத்ததில்லை. காலை ஆறரைக்கு அடுத்த வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, அவர் வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, அந்த வயர்களை மாட்டி எங்கள் காருக்கு உயிர் கொடுக்க வேண்டும். அதற்குள் மணி ஏழரையாகிவிடும். மாமா மட்டும் எதிலும் சம்பந்தப்படாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா என் கணவரின் அப்பா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவில் டயாலிசிஸ். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. மதியப் பள்ளியில் ஆசிரியையான நான்தான் காலையில் அழைத்துப் போவேன். நேரத்துக்குப் போகாவிட்டால் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு முறை தவறினாலே மாமாவின் கால்கள் வீங்கி, மூச்சு வாங்கும். அந்த மாதத்தில் மூன்று முறை தவறியது, மூன்றும் செவ்வாய்க்கிழமை.

கார் மாமாவுடையது. டாக்டர் ஓட்டக் கூடாது என்றதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் புது பேட்டரி போட்டேன். பத்தாவது நாள் அதுவும் செத்தது. ஆல்டர்னேட்டரை மாற்றினேன். மறுவாரமே பழைய கதை. பட்டறைக்காரர் வண்டியை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு, மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார்.

“கரண்டு எங்கயும் லீக் ஆவல லா அக்கா. வண்டி நல்லாதான் இருக்கு.”

“அப்ப ஏன்ணே பேட்டரி செத்து கொங் ஆவுது?”

“அதான் எனக்கும் தெரியல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பொழுது சாயும் நேரத்தில் மழை தூறவே, காரில் விட்ட குடையை எடுக்கப் போனேன். என் சாவி என் கையில் இருந்தது. ஆனால் காரிலும் ஒரு சாவி தொங்கியது. அது திருப்பப்பட்டு, முன்பலகையில் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

மாற்றுச் சாவி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாமாதான் பேட்டரி இறங்கட்டும் என்று சாயங்காலம் அதைத் திருப்பிவைத்துவிட்டு, விடியற்காலையில் சாமிக்குப் பூப்பறிக்கப் போகும் சாக்கில் எடுத்துவிடுவாராம். உள்ளே போய்ச் சாவியை அவர் முன்னால் போட்டேன்.

“வரலன்னா வரலன்னு சொல்றதுதானே மாமா? நான் எத்தனை பட்டறை ஏறி இறங்கினேன் தெரியுமா?”

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“சொன்னா விட்டுருவியாம்மா?”

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். கையில் ஊசி ஏறும் இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தச் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. பாதி வழியில் மாமா சொன்னார்: “சனிக்கிழமை நான் வரல.”

“வரணும்.”

“பாக்கலாம்.”

அதன்பின் வாரம் மூன்று நாள் நேருக்கு நேர் சண்டை போட்டோம். பெரும்பாலும் நான் ஜெயித்தேன். அவர் இருந்த மிச்சம் ஒன்றரை வருடத்தில் கார் ஒரு நாள்கூட கிளம்பாமல் நின்றதில்லை. இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சண்டை போட ஆளில்லாமல், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.