பருத்தி அறைக்குக் காவல்

அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டில் எல்லாரும் பருத்தி விலை ஏற வேண்டும் என்று காத்திருந்தபோது, அத்தை மட்டும் அது ஏறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா வியாபாரிக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டு, "இன்னும் ஏறல" என்று சலித்துக்கொள்ளும் நாட்களில் அவருடைய காப்பியில் சீனி ஒரு கரண்டி கூடுதலாக விழும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர். மழையை நம்பிப் பருத்தி போடுகிற கரிசல் காடு. அந்த வருஷத்து விளைச்சலை அப்பா விற்காமல் பின்கட்டு அறையில் உத்தரம் வரை குவித்து வைத்திருந்தார். நல்ல விலைக்குப் போனால் அடுப்படியின் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மழை பெய்தால் அம்மா அடுப்பைச் சுற்றி நான்கு பாத்திரம் வைத்துவிட்டுத்தான் சமைப்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளே பாட்டு எழுதுவாள், அவளே மெட்டுப் போடுவாள், சின்னக் கீபோர்டு ஒன்றை வாசித்துப் பாடி, படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் பதிந்து இணையத்தில் ஏற்றுவாள். முகம் காட்ட மாட்டாள். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பருத்திப் பூ இருக்கும். கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலேசியாவிலிருந்து ஒருவர் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தவறாமல் ஒரு வரி எழுதுவார்.

"எவன்ட்டி அவன், மலேசியாக்காரன்?" என்று அப்பா கேட்பார்.

"தெரியாதுண்ணே. பாட்டுக் கேக்குதவரு."

"அவனுக்கு வேற சோலி இல்லியாமா?"

அத்தையின் கஷ்டம் வேறு. எங்கள் முன்னறையில் பாடினால் கிணற்றுக்குள் நின்று பாடுவது போலக் குரல் சுவரில் மோதித் திரும்பும். ஒருநாள் முறம் எடுக்கப் பருத்தி அறைக்குள் போனவள் தும்மியிருக்கிறாள். தும்மல் போன இடம் தெரியவில்லையாம். வெளியே வந்து, ஏதோ புதையலைக் கண்டவள் மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மறுநாளே பருத்திக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி பறித்து, ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துவிட்டாள். மூச்சுக்காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, எம்பிராய்டரி வளையத்தில் பழைய துப்பட்டாத் துணியை இறுக்கி மைக்குக்கு முன்னால் கட்டினாள். ஆறு பாட்டு. பருத்தி போவதற்குள் ஆறையும் முடித்துவிட வேண்டும். அப்படி ஓர் அறை அவளுக்கு மறுபடி எப்போது கிடைக்கும்?

என் வேலை வெளியே. தெருவில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்றுவரை அந்தக் குணம் போகவில்லை. ஆடு பத்திக்கொண்டு போகிறவரிடம் சுற்றுப்பாதையில் போகச் சொல்லிக் கெஞ்சினேன். பழைய இரும்புக்கு வெங்காயம் தருகிற ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தபோது போலீஸ்காரர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிரே ஓடினேன்.

"என்னட்டி, வீட்டுல யாரும் செத்துட்டாவளா?"

"இல்ல, பாடுதாவ."

அவர் சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுப் போனார்.

அறைக்குள் மின்விசிறி கூடாது, கதவு திறக்கக் கூடாது. அத்தை வெளியே வரும்போது தலையெல்லாம் பஞ்சு, உடம்பெல்லாம் வேர்வை, சட்டைக் காலரில் ஒரு சிவப்புப் பருத்திப் பூச்சி நடந்துகொண்டிருக்கும். நான் செம்புத் தண்ணீரை நீட்டுவேன். இப்படி ஐந்து பாட்டு முடிந்தன. ஆறாவது மட்டும் வசப்படவில்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போகிற மினி பஸ்ஸைப் பற்றிய பாட்டு. 'நிக்காத பஸ்ஸுக்கும் கை காட்டுதேன்' என்ற வரி வரும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் குரல் உடைந்துவிடும். ஏன் உடைகிறது என்று நான் கேட்டதில்லை. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அம்மா எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா பருத்திமார் பிடுங்க, காய்ந்த செடிகளைத்தான் அப்படிச் சொல்வோம், காட்டுக்குப் போய்விட்டார். அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அத்தை அந்தக் கடைசிப் பாட்டோடு உள்ளே இருந்தாள். குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பி, நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. வியாபாரி அண்ணாச்சி இன்ஜினை நிறுத்தாமலேயே தலையை வெளியே நீட்டினார்.

"ஏட்டி, ஒங்கப்பா எங்க? விலை ஏறிட்டுன்னு சொல்லு. பருத்தி எடுக்க வந்திருக்கேன்."

ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவர் இறங்குவார், பின்கட்டுக் கதவைத் திறப்பார், அறையே காலியாகிவிடும். பாட்டு பாதியில் நிற்கும்.

"வித்தாச்சு!" என்றேன்.

"என்னது?"

இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் என்னால் முடிந்தவரை கத்தினேன். "வித்தாச்சு, அண்ணாச்சி! நாகலாபுரத்துக்காரவிய வந்து எடுத்துட்டுப் போயிட்டாவ!"

அவர் முகம் வாடிப்போனது. "ஒங்கப்பன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். புழுதி அடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன். உள்ளே பாட்டு நிற்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிற்பகலில் அப்பா காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மா பட்டுச்சேலையோடு வேகமாக வந்தாள். வழியில் அதே வண்டியைப் பார்த்திருக்கிறாள். அதில் வேறு யாரோ வீட்டுப் பருத்தி நிறைந்திருந்தது.

"நம்ம வீட்டுல வித்தாச்சுன்னாவளாம். அதனால அடுத்த ஊருல எடுத்துட்டேங்காரு. மில்லுல இந்த விலைக்கு இதோட போதும்னுட்டாவளாம். யாரு சொன்னது அவருகிட்ட?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக் கதவு திறந்தது. தலை நிறையப் பஞ்சோடு அத்தை வந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"முடிஞ்சிட்டுண்ணே! ஒரே மூச்சுல வந்துட்டு!"

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

"நாந்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் அம்மாவிடம். "அவசரப்பட்டுக் குடுத்துரக் கூடாது. இன்னும் ரெண்டு நாளுல இதைவிட ஏறும்."

ஏறவில்லை. இறங்கியது. வைகாசியில் வந்த விலைக்குக் கொடுத்தோம். அடுப்படிக்குத் தளம் வரவில்லை. ஐப்பசி மழையில் ஓட்டின் சந்து வழியாகத் தண்ணீர் விழும்போதெல்லாம் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள்: "இங்கன வாங்க, ஒங்க விலை ஏறுது பாருங்க, சொட்டுச் சொட்டா." அப்பா இன்னொரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பார். அப்பா என்னை அடியிலிருந்து காப்பாற்றினார் என்று நான் நம்பினேன். பல வருஷம் அவரிடம் அந்த நன்றியை மனசுக்குள் சுமந்தேன். என் பொய் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நம்பினேன்.

இப்போது எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள். அத்தையின் அந்த பஸ் பாட்டைப் போட்டால் அழுகையை நிறுத்துகிறாள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் போனில் பாட்டுப் போடலாமா, சத்தம் அதிகமோ, காதுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. போன வாரம் ஒரு முற்பகல், சத்தம் சரிதானா என்று பார்க்க இயர்போனைப் போட்டு நானே முதலிலிருந்து கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டைப் போனின் ஒலிபெருக்கியில்தான் கேட்டிருக்கிறேன். இரண்டு சரணங்களுக்கு நடுவே கீபோர்டு அடங்குகிற இடத்தில், தூரத்தில் ஓர் இன்ஜின் உறுமியது. அதற்கு மேலே ஒரு சிறுமியின் குரல், மெல்லிசாக, ஆனால் தெளிவாக: "வித்தாச்சு, அண்ணாச்சி!"

சத்தம் வராமல் காக்க நின்றவள் போட்ட சத்தம். இரண்டு தடவை கேட்டேன். பிறகு நிச்சயமாக என் குரல்தானா என்று மூன்றாவது தடவையும் கேட்டேன். ரயில்வேயில் வேலை பார்க்கும் மாமாவோடு மணியாச்சியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

அத்தை சிரித்தாள். "இப்பதான் கேக்குதியா? அன்னைக்குப் புழுக்கம் தாங்காம சன்னலை ஒரு விரக்கடை தெறந்து வச்சிருந்தேன். காதுல ஹெட்போன் இருந்ததால எனக்குத் தெரியல, மைக்கு பிடிச்சிட்டு. வெளிய வந்த பிறகு போட்டுக் கேட்டப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் எத்தனையோ தடவை பாடிப் பாத்தேன், அப்படி வரவே இல்ல."

"அத்தை, அப்போ ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? அன்னைக்குச் சாயங்காலமே மதினிக்குத்தான முதல்ல போட்டுக் காட்டுனேன். அண்ணன் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிட்டு நிக்காரு. அதை வச்சிக்கிட்டு மதினி மூஞ்சியில எப்படிட்டி முழிப்பேன்?"

போனை வைத்தேன். அப்பா காப்பாற்றியது என்னை மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டுக்காகத்தான் நல்ல விலை கைவிட்டுப் போயிற்று என்று வீட்டில் தெரிந்திருந்தால், அடுப்படியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அத்தையின் பேரில் விழுந்திருக்கும். அப்பா அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அத்தை அதை மறைக்க மனமில்லாமல் அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மா எல்லாம் தெரிந்துகொண்டே, ஒரு மழைக்காலம் முழுக்க அப்பாவைக் கேலி செய்து, அவர் பொய்யை அவருக்காகவே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். தளம் கேட்டுக் காத்திருந்தவள் அவள்தானே. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அத்தை சொன்ன அந்தச் சாயங்காலம் எனக்கும் நினைவிருக்கிறது. நானும் அங்கேதான் இருந்தேன். அம்மா சடங்கு வீட்டுச் சேலையை மாற்றிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அத்தை லேப்டாப்பைக் கொண்டுவந்து தரையில் வைத்து, ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டினாள். அம்மா முதலில் சிரித்தபடி கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கல்லில் கிடந்த தோசை கருகியது. பாட்டு முடியும்வரை அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "இதையே போட்டுரு."

"மதினி, அதுல நடுவுல..."

"கேக்குதவியளுக்குப் பாட்டுத்தான் கேக்கும். போட்டுரு. ஒங்க அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத."

குரல் எங்கோ பிசகியிருக்கிறது, அதைத்தான் அத்தை சொல்ல வருகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனுக்குக் கை நீட்டினேன். அம்மா தரவில்லை.

"ஒனக்கெதுக்கு? நீதான் வாசல்ல நின்னு நல்லாக் காவல் காத்திருக்கியே. போ, கையக் கழுவிட்டு சாப்பிட வா."

என் வேலையை அம்மாவே மெச்சிவிட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கை கழுவப் போனேன்.