டிராவலர் வந்த பஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போச்சு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ரிங் ஃப்ரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் பதிலியாக இருந்தேன். பதிலி என்றால் நிரந்தரம் இல்லை. ஃப்ரேம் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது எங்களைத்தான். ஃப்ரேமில் நூல் ஏறும் ஒவ்வொரு ஸ்பிண்டிலைச் சுற்றியும் ஒரு ரிங். அதன்மேல் நகத்துண்டு போல ஒரு கம்பி, நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும். அதற்குப் பெயர் டிராவலர். அது தேய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை ஷிப்டில் எங்கள் ஃப்ரேமில் அப்படித்தான் ஆனது. ஸ்டோரிலும் டிராவலர் இல்லை. மேஸ்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த மில்லுக்குப் போன் போட்டார். பிறகு, வேலைக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன் சுப்பையா அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, டிராவலர நம்ம ஊர் வழியாப் போற செட்டியார்பட்டி பஸ்ல ஏத்தி விட்டாச்சாம். வெரசா ஸ்டாண்டுக்குப் போங்க."

எங்களைப் பார்த்து, "அது வரலைன்னா பதிலி எல்லாம் கெளம்ப வேண்டியதுதான்" என்றார்.

செத்த நேரத்தில் சுப்பையா அண்ணன் சைக்கிள் கேரியரில் ஒரு ஆளை வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். அந்த ஆள் பஸ்ஸை விட்டு இறங்கி, 'டிராவலர்ஸ் பங்களா எங்க இருக்கு?' என்று கேட்டிருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குகிற இடம் அது. உடனே இவர், "வாங்க சார், மில்லே ஒங்களுக்காகத்தான் நிக்குது" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாராம்.

மேஸ்திரி அவசரத்தில், "எம்புட்டு கொண்டாந்திருக்கீக?" என்றார்.

"ரெண்டு வேட்டி, ஒரு துண்டு" என்றார் அவர்.

விஷயம் புரிந்ததும் ஃப்ரேம் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அந்த ஆள்தான் சொன்னார்: "கண்டக்டர் மில்லு டப்பா யாருக்குன்னு கத்துனாரே. யாரும் வாங்கல. பஸ் போயிருச்சு."

எனக்குச் செட்டியார்பட்டிதான் ஊர். அந்த பஸ் அங்கே போய்த் திரும்பி இதே ஸ்டாண்டுக்கு வரும் என்று தெரியும். சொல்லத்தான் கூச்சம். பக்கத்து ஃப்ரேம் பாக்கியத்தின் காதில் சொன்னேன்.

"ஏட்டி, எங் காதுல சொன்னா ஃப்ரேம் ஓடுமா?" என்றவள், "மேஸ்திரி! அந்த பஸ் திரும்பித்தான் வரும்!" என்று கத்தினாள்.

இந்தத் தடவை மேஸ்திரியே போனார். போகும்போது, "அண்ணே, அவியள பங்களாவுல எறக்கி விட்டுட்டு வாங்க. வரும்போது வேற யாரையும் ஏத்தியாந்துராதீக" என்றார்.

டப்பா வந்தது. டிராவலர் மாற்றினார்கள். ஃப்ரேம் ஓடியது. ஒருத்தரையும் அனுப்பவில்லை.

பாக்கியம் விடவில்லை. "ஊர் ஊராப் போறவனும் டிராவலராம், இருந்த எடத்துலயே சுத்துற கம்பியும் டிராவலராம். நாள் பூரா ஃப்ரேமோட அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடக்குற நாம யாருட்டி?"

"பதிலி" என்றேன், சத்தமாகவே. மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருக்கும். எது என்று வாய் திறந்து கேளுங்கள்.

இந்தப் பெயர் முதலில் மனுஷனுக்கு வைத்ததா, கம்பிக்கு வைத்ததா? மனுஷனுக்குத்தான் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரிசெய்யுங்கள்.