மழையை நம்பிப் போட்ட ஷாம்பு

பெங்களூரில் கார் கழுவ மழையைப் போல நல்ல தண்ணீர் கிடையாது என்று நான் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் திருப்பிக்கொண்டால் உண்மை இல்லாமல் போய்விடாது. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பிரேசர் டவுனில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதை எடுத்துக் காருக்கு ஊற்றியிருந்தால் நான்கு வீட்டுப் பெண்களும் சேர்ந்து என்னைத் தெருவில் நிறுத்தியிருப்பார்கள். போர் தண்ணீர் இருந்தது, ஆனால் உப்பு. வெயிலில் காய்ந்ததும் கார் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கருநீலம். அந்த நிறத்தில் எது விழுந்தாலும் தெருமுனையில் நிற்பவனுக்குக்கூடத் தெரியும்.

விழுவதற்கும் குறைவில்லை. மார்ச் பிறந்தால் ஊரெங்கும் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிடுவார்கள். செம்மண் தூசி பறந்து வந்து பானெட்டின் மேல் விரல் வைத்துப் பெயர் எழுதும் அளவுக்குப் படியும். காம்பவுண்டுக்குள் இருந்த தூங்குமூஞ்சி மரம் தன் பங்குக்குப் பிசினும் பூவும் கொட்டும். காக்கைகளின் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மழைக்காகக் காத்திருப்பேன். ஏப்ரல், மே மாதங்களில் வானம் இருண்டதும் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள், கூரை ஓரத்தில் பக்கெட் வைப்பார்கள். நான் ஷாம்பு பாக்கெட்டோடு ஓடுவேன். முதல் மழை தூசியை ஊறவைக்கும். பழைய பனியனில் நுரை போட்டுத் தேய்ப்பேன். முன்பக்கக் கம்பிகளின் இடுக்குக்குப் பல் துலக்கிப் போட்ட பிரஷ். அதற்குள் மழை வலுத்து நுரையெல்லாம் அலசிக்கொண்டு போய்விடும். பிறகு துடைத்து, மெழுகு தேய்த்து, கண்ணாடிகளைப் பழைய பேப்பரால் துடைத்து, கறுப்பு பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் வேலை முடிந்தது. அப்படியொரு திருப்தி எனக்கு ஆபீசில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

"அந்த ஷாம்புல பாதி என் தலைக்குக் குடுத்தாக்கூட புண்ணியமாப் போகும்," என்பாள் மனைவி.

பக்கத்துப் போர்ஷனில் ஓர் ஆட்டோ டிரைவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். ஆட்டோவும் காரும் ஒரே மரத்தடியில்தான் நிற்கும். காலையில் அவர் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய ஒரே மகளும் அதில்தான் பள்ளிக்குப் போய் வளர்ந்தாள். காசு கொடுக்கும் பிள்ளைகளுக்குப் பின்சீட்டு. அவளுக்கு அப்பாவின் பக்கத்தில், டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள ஓர் இடம். மழை பெய்தால் முதலில் நனைவது அவள்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். ஒருநாள் நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல்தான் வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அங்கிள், கல்யாணத்துக்கு சர்ச்சுக்கு உங்க கார்ல கூட்டிட்டுப் போவீங்களா? பின்சீட்டுல நான் மட்டும் உக்காந்து போணும். அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, அது மனசுல பேஜார் பண்ணிக்கும்."

அன்று மாலையே, என் யோசனை போல, அவள் அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் ஆட்டோவையே பார்த்துவிட்டு, "அதுக்கும் ஆசையாத்தான் இருக்கும் சார். இட்டுனு போங்க," என்றார்.

கல்யாணம் மே மாதம், மாலை ஐந்து மணிக்கு. மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு உள்ளூர ஒரே பெருமை. பார்த்தாயா, வருண பகவானே கல்யாண வேலைக்கு வந்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பெரிய பெரிய துளியாக விழுந்தது. கல்யாணக் கார் அல்லவா, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஷாம்பு போட்டேன். கூரையிலிருந்து டயர் வரை கார் நுரையில் மறைந்தது. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மழை நின்றுவிட்டது.

கூரை ஓரத்துப் பக்கெட்டுகளில் அடி மறையக்கூடத் தண்ணீர் இல்லை. மேகம் விலகி, அதுவரை எங்கே இருந்ததோ, அப்படியொரு வெயில் அடித்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நுரை காய்ந்து கருநீலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படை கட்டியது. இடி இடித்ததுமே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், மோட்டார் ஓடாது. அன்று காவிரியும் வராத நாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரப் பனியனால் துடைத்துப் பார்த்தேன், இன்னும் அசிங்கமாக இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் என் கெட்டிக்காரத்தனத்தால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

மனைவி எங்கள் சமையலறைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் குடம் முன்கண்ணாடிக்கே சரியாகிவிட்டது.

அப்போது கல்யாணப் பெண் வெளியே வந்தாள். நைட்டியோடு, கையில் மருதாணியோடு. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பின்கட்டில் அவள் குளிப்பதற்காக அண்டா நிறைய வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நேராக உள்ளே போய் அதிலிருந்து ஒரு பக்கெட் மொண்டு தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் அம்மா பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஏய், தலைக்கு ஊத்திக்க வெச்ச தண்ணிடி அது."

"தலையை மூடி நெட்டுத் துணி போடப்போறேன், யாரும்மா பாக்கப்போறாங்க? எனக்கு ஒரு பக்கெட் இருந்தா போதும்."

"வேணாம்மா," என்றேன். "போர் தண்ணி எடுத்துக்கலாம், கரண்ட் வந்துடும்."

"சும்னே இருங்க அங்கிள். புள்ளி புள்ளியா ஆயிடும்னு நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க."

வெந்நீர் பட்டதும் காய்ந்த ஷாம்பு இளகி வழிந்தது. அவள் சொம்பில் மொண்டு மொண்டு கூரையிலிருந்து ஊற்ற, நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனேன். அவள் அப்பா பக்கெட்டோடு அண்டாவுக்கும் காருக்குமாக நடந்தார். கடைசி பக்கெட்டை மட்டும் அவள் அம்மா பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மெழுகு தேய்க்க நேரமில்லை. ஆனாலும் அந்தக் கார் அன்று பளபளத்த மாதிரி பிறகு ஒருநாளும் பளபளக்கவில்லை.

மற்ற எல்லோரும் முன்னாலேயே போய்விட்டார்கள். வெள்ளைப் புடவையும் நெட்டுமாக அவள் பின்சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அவள் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. திருப்பங்களில் எல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த சர்ச் பக்கம்தான். கிளம்பி நான் நிமிர்வதற்குள் கோபுரம் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

"அங்கிள், கொஞ்சம் சுத்திப் போலாமா?"

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். மணி ஐந்தாகப் போகிறது, சர்ச் வாசலில் பாதிரியாரே நின்றுகொண்டிருக்கிறார். சவாரிக்கு வந்தவர்களை இத்தனை வருஷத்தில் ஒரு தெரு அதிகமாகச் சுற்றிக் கூட்டிப் போகாத மனிதர் அவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டின் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"லெஃப்ட்ல எடுங்க சார்," என்றார். "ரைட்டைவிட அதுதான் நல்லா சுத்து."

இடது பக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் வாசலில் நின்றுவிட்ட மழை அங்கே கொட்டித் தீர்த்திருந்தது போல, செம்மண் குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. முதல் குழியிலேயே சேறு கதவு வரை எகிறி அடித்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சீட்டின் இரு பக்கமும் முழுசாக நீட்டி வைத்துக்கொண்டு வந்தாள்.