சீனத்து இருமல் மருந்தும் எங்கள் ஊர் மரியாதையும்

சிங்கப்பூரில் இருமல்கூட உங்களுக்குச் சொந்தமில்லை. வாடகை அறைக்குள் நான் இரண்டு முறை இருமியதும் வீட்டுக்காரச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் கறுப்பான பாகு, ஒரு கரண்டி. விசாரிப்பெல்லாம் கிடையாது, வாயைத் திற, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் இருமல் நின்றது. மருந்தால் நின்றதா, தானாக நின்றதா? நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன்; எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போனவன். சும்மா விட முடியவில்லை. “ஆன்ட்டி, இதுக்கு எவிடென்ஸ் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “நோ குட், ஹூ பை?” என்றார். நல்லதில்லையென்றால் யார் வாங்குவார்களாம்! எனக்குப் போதவில்லை.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், தேங்காய் நார் மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு மாதக்கணக்கில் இருமல். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால், “சளிதாங் கண்ணு” என்பார். விடுமுறைக்குப் போனபோது அந்த மருந்தை வாங்கிப் போய் ஓர் ஒப்பந்தம் போட்டேன். மருந்து கேட்காவிட்டால் கோயமுத்தூரில் எக்ஸ்ரே. அம்மா நக்கிப் பார்த்தார். “நம்ம அதிமதுரமாட்ட இருக்குதே. இதுக்கா ஏரோப்ளேன்ல போனே?”

ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது? அதே மில், அதே இருமல் மாமாவுக்கும். அவருக்கு மட்டும் அதே மருந்தின் காலிப் புட்டியில் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கொடுத்தேன், சொல்லாமல்.

சில நாள் கழித்து விசாரித்தேன். “நல்லாக் கேக்குது கண்ணு” என்றார் அப்பா. “தொண்டை பட்டாட்டம் ஆயிப்போச்சுங்க மாப்ளே. இன்னொரு புட்டி இருக்குதுங்களா?” என்றார் மாமா. சீனத்து மூலிகையும் கருப்பட்டியும் சரிசமம்! ஒன்றும் புரியாமல் தோப்புப் பக்கம் நடந்தேன். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதென்று, முறை வைத்து இருமிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்கப்பா, இங்க என்ன பண்றீங்க?”

“கடல் தாண்டிக் கொண்டாந்திருக்கறே. கேக்கலைன்னு எப்படிக் கண்ணு சொல்றது?”

“மனசு நோகுமல்லங்க மாப்ளே” என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். அவருடையது வெறும் கருப்பட்டி என்று போட்டு உடைத்தேன். “அட, அப்பவும் ருசியாத்தானுங்க இருந்துச்சு!”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. என் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. மறுநாள் காலை மூவரும் கோயமுத்தூர் பஸ்ஸில் இருந்தோம்.

இருவருக்கும் பெரிய வியாதி இல்லை, மில் தூசிதான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார், நார் அடிக்கும் வேலையை விடச் சொன்னார். முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டதற்கு, “எம் பையன் கொண்டாந்ததுங்க. ரொம்ப நல்ல மருந்துங்க” என்று சொல்லிவிட்டு அப்பா இருமினார்.

சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். இந்த ஊரில் முடியும், முடியாது என்பதை ‘கேன், நாட் கேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். முதலில் சுருக்கென்று இருந்தது. இப்போது அதுதான் நிம்மதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று போன் செய்தால் மறுபடி நம் ஊர் மரியாதை.

“இருமல் எப்படிங்கப்பா? மில்லுக்குப் போறதில்லையே?”

“எல்லாம் நின்னுபோச்சு கண்ணு.”

அதற்கப்புறம் ஒரு சின்ன மௌனம். லைன் போய்விட்டதா, அல்லது அப்பா ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாரா? எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். நான் இந்தக் காதைப் பொத்திக்கொண்டு, அந்தக் காதால் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்.