பூதலூர் மதியத்தில் ஓர் ஆல்பம்

மார்ச் மாதத்தில் முதல் வெயில் அடிக்கிற நாளில், கோதன்பர்க் நகரத்து டிராம் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்து நிற்பார்கள். ஒருவரும் பேச மாட்டார்கள். சுவீடனுக்கு வந்த முதல் வருடம் அதைப் பார்த்தபோது ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று நினைத்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டுக்கோட்டைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் சனங்களை நினைத்துப் பாருங்கள். நிழற்குடையில் இடமில்லையென்றால் ஒரு கரண்டுக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்போம். நிழல் நகர்ந்தால் வரிசையும் நகரும். இந்த வெயிலை வைத்து ஒரு தோழியோடு சண்டை வரும், சண்டையிலிருந்து ஓர் இசை ஆல்பம் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு ஊர் பூதலூர். அப்பா அங்கே நெல் போடுகிறார். தஞ்சாவூரில் படித்த காலம் முழுவதும் லுத்தரன் கோயிலில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசித்தேன். இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் சோதிக்கும் வேலை. முதல் குளிர்காலத்தைப் புதுமை தாங்கியது. இரண்டாவதில் முடியவில்லை. பிற்பகல் மூன்றரைக்கே தெருவிளக்கு எரியும். வேலை முடிந்து வந்தால் சமைக்கவும் தோன்றாது, யாரிடமும் பேசவும் தோன்றாது. ஒரு நாள் போனில் அப்பாவிடம், "திரும்பி வந்துடலாம்னு இருக்கேம்ப்பா" என்றேன்.

"வாம்மா, நம்ம வீடுதானே. யாரு என்ன கேக்கப் போறா? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் அங்க ஒரு தடவ போயிட்டு வந்துடு. போகாம இருக்காத" என்றார்.

அவருக்காகப் போனேன். சுவீடிஷ் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆர்கன் எடுத்த மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு. வாய் தானாகத் தமிழில் பாட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கவனித்தாள். ஆராதனை முடிந்ததும் ஆங்கிலத்தில், "நீங்கள் பாடியது எங்கள் பாட்டு" என்றாள். "இல்லை, அது எங்கள் பாட்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "காபி குடிப்போமா?" என்று கேட்டாள்.

அவள்தான் லின்னேயா. பகலில் மழலையர் பள்ளி ஆசிரியை. மாலையில் தன் சமையலறை மேசையில் சிந்தசைசரையும் கணினியையும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் இசை செய்வாள். வார்த்தை கிடையாது. நிதானமான தாளத்தின் மேல் மெல்லிய ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். என்னை ஒரு நாள் வாசிக்கச் சொன்னாள். பிறகு வாராவாரம் போனேன். சனிக்கிழமைக்கு ஒரு காரணம் கிடைத்ததும் மற்ற நாட்களையும் தள்ள முடிந்தது. ஊர் திரும்பும் பேச்சை நான் எடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

வசந்தம் வந்தபோது எங்களிடம் பாதி ஆல்பம் இருந்தது. கேட்பவர்களுக்கு வெயிலில் படுத்திருப்பது போல இருக்க வேண்டும் என்பது லின்னேயாவின் ஆசை. அதற்கென்று ஒரு மெட்டு போட்டாள். துள்ளிக் குதித்தது, மினுமினுத்தது. எனக்கு ஒட்டவில்லை. "இது வெயில் இல்லை, விடுமுறை" என்றேன். "சூரியன் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உனக்கு அது நிறையக் கிடைத்ததால் அலுத்துவிட்டது" என்றாள். கோபத்தில் சில சனிக்கிழமைகள் நான் போகவில்லை. கடைசியில் அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை. "மே மாதம் ஊருக்குப் போகிறேன், நீயும் வா" என்று செய்தி அனுப்பினேன். உடனே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

பூதலூரில் இறங்கிய மறுநாள், மதியம் பன்னிரண்டரைக்கு, தொப்பிகூட இல்லாமல் வரப்பில் நடக்கப் போய்விட்டாள். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல். மோட்டார் கொட்டகை வாசலில் நின்ற அப்பா, "ஜெபா, அந்தப் பொண்ணக் கூப்பிடும்மா. மண்டையப் பொளக்குது வெயிலு" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டு, அவளை நோக்கிக் கையை அசைத்தார். நம் வழக்கப்படி உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, வா, வா என்று. அவள் ஊரில் அப்படி அசைத்தால் போ என்று அர்த்தம். லின்னேயா சிரித்துக்கொண்டே இன்னும் தள்ளிப் போனாள். அப்பா வேகமாக அசைத்தார். அவளும் வேகமாகப் போனாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. என் பெயரைச் சொல்லக்கூட அவளுக்கு நாக்கு எழவில்லை.

அப்பாவும் நானுமாகத் தாங்கிக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பக்கத்துப் புங்கமர நிழலில் கிடத்தினோம். நாற்றங்காலுக்காகப் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன் துண்டைத் தொட்டியில் நனைத்து அவள் தலையில் போட்டார். நான் கையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மெல்லக் கண் திறந்தாள். அப்பா உப்புப் போட்ட மோரை நீட்டி, "குடிங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. ஒண்ணும் ஆவாது" என்றார்.

குடித்துவிட்டு நெடுநேரம் அப்படியே கிடந்தாள். குழாயிலிருந்து தொட்டிக்குள் விழும் தண்ணீர், மோட்டாரின் ஒரே சுதியான ரீங்காரம், எங்கோ ஒரு செம்போத்து. நிழலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகக் காய்ந்தது. "ஜெபா, நீ சொன்ன வெயில் இதுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "என் பையை எடுத்துவா" என்றாள். பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. மோட்டார் சுதி இறங்கி, முனகி, நின்றது. "மும்முன கரண்டு இனிமே சாயந்தரந்தான்" என்றார் அப்பா. அந்தக் குரலையும் சேர்த்து அவள் பதிவு செய்துகொண்டாள்.

திரும்பி வந்து அந்தத் துள்ளல் மெட்டை அவளே அழித்தாள். குளிர்காலம் முழுக்க அந்த மோட்டாரின் சுதியை ஆதாரமாக வைத்து வாசித்தோம். ஆல்பத்துக்கு 'மதியம்' என்று பெயர். கடைசி மெட்டு கரண்டு போவதில் முடியும். வெளிவந்ததும் அப்பாவுக்கு அனுப்பிவைத்து, பதிலுக்குப் படபடப்போடு காத்திருந்தேன்.

"கேட்டேம்மா. சாப்புட்டுட்டுப் போட்டேன். ரெண்டாவது பாட்டுலயே நல்லாத் தூங்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. லின்னேயாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "பூதலூர் மதியத்தில் ஒருவரைத் தூங்கவைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றாள்.

ஜூனில் இங்கே ஒரு பூங்காவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பெரிய கூட்டமில்லை. வந்தவர்கள் புல்லில் படுத்துக் கேட்டார்கள். முடிந்ததும் லின்னேயா அவர்கள் நடுவே போய் மல்லாந்து படுத்து, கையை நீட்டி என்னையும் அழைத்தாள். போனேன். முழு வெயிலில் படுக்க இன்னும் மனம் வரவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த மேப்பிள் மரத்தடியில், தலையை நிழலில் வைத்து, காலை மட்டும் வெயிலில் நீட்டிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாதங்கள் கதகதவென்று ஆயின. நான் இழுத்துக்கொள்ளவில்லை.