சபை வெப்சைட்டில் நான் எழுதிய வெள்ளம்

சாட்சி என்றால் சபைக்கு முன் எழுந்து நின்று சொல்வதுதான் வழக்கம். என்னால் அது முடியாது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன். கட்டி நல்லபடியாக வெளியே வந்துவிட்டது, கூடவே என் சத்தமும் போய்விட்டது. குரல் நரம்போடு ஒட்டியிருந்ததாம். பக்கத்தில் காதைக் கொடுத்தால் கேட்கிற அளவுக்குக் காற்று வரும். அவ்வளவுதான்.

நான் கேரள எல்லையில் கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவன். பத்தாவது வரை படித்தவன். பதினெட்டு வருஷமாக எங்கள் சபையில் வேதபாடம் வாசித்ததும் அறிவிப்பு சொன்னதும் நான்தான். மைக் கெட்டுப்போன ஞாயிறுகளில்கூடக் கடைசி பெஞ்சுவரை கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வேறொருவர் வாசித்தார். என்னால் தாங்க முடியவில்லை. இனி சபைக்கு நான் எதற்கு என்று தோன்றியது.

தினமும் ஏலச்செடிகளுக்கு நடுவே முழங்காலிட்டு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, சத்தத்தைத் திரும்பத் தாரும். உமக்குச் சித்தமில்லை என்றால் உம்முடைய வீட்டில் வேறு ஒரு வேலையாவது தாரும். சும்மா உட்கார வைக்காதேயும்." மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

என் மனைவி எஸ்தர், "அவருக்கு ஒங்க சத்தம் கேக்குது. எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது. பதில் வர்றப்ப வரட்டும், மொதல்ல சாப்பிட வாங்க" என்பாள்.

போன வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில், சபைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஏலக்காய் எடுக்கிற சீசனுக்கு வருகிறவர்கள் ஆராதனை நேரம் தெரியாமல் அலைகிறார்கள் என்பதுதான் காரணம். வேலையை வர்கீஸ் மாஷிடமும் என்னிடமும் கொடுத்தார்கள். மாஷ் ரிட்டயரான மலையாள வாத்தியார், இங்கிலீஷ் தெரிந்தவர். என்னைச் சேர்த்தது இரக்கப்பட்டுத்தான் என்று நினைத்தேன்.

டவுனிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்து டெம்ப்ளேட் காட்டினார். டெம்ப்ளேட் என்றால் கட்டி முடித்த வீடு மாதிரி, நாம் பொருளை வைத்தால் போதும் என்றார். திறந்ததும் மலை, சூரியன், பறவை எல்லாம் ஓடியது.

"நோக்கு தங்கராசே, எத்தர பங்கியா இருக்கு" என்றார் மாஷ். பங்கி என்றால் அழகு.

"ஏதாச்சும் மாத்தணும்னா ஒரு போன் அடிங்க, மாத்தித் தர்றேன்" என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்தார் வந்தவர். போன் அடிங்க என்றது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அப்போது ஆலயக் கிணறு வற்றிக் கிடந்தது. குருத்தோலை ஞாயிறுக்குக் கூட்டம் வரும், சாப்பாடும் உண்டு. முதல் அறிவிப்பாக இப்படி எழுதிக் கொடுத்தேன்: "நம் ஆலயத்துக்கு வெள்ளம் வரும்படி எல்லாரும் ஊக்கமாய் ஜெபியுங்கள்." மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். மெட்டில் கடைக்குக் கடை அதையே கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அதுதான். கை தானாக எழுதிவிட்டது. மாஷுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலையிலிருந்து போதகருக்குப் போன் ஓயவில்லை. கீழே கம்பத்திலிருந்து ஒரு அம்மா, "ஐயா, ஆலயத்துக்குள்ள வெள்ளம் புகுந்திருச்சா? இன்னும் வரணும்னு வேற போட்டிருக்கு" என்று கேட்டார்களாம். எஸ்தரின் தம்பி அவளைக் கூப்பிட்டு, "அக்கா, ஊரெல்லாம் வெள்ளம் வேணாம்னு ஜெபிக்கும். மச்சான் வரச் சொல்லி ஜெபிக்கச் சொல்றாரே, மாத்திரைய மாத்திப் போட்டுட்டாரா?" என்றான்.

உடனே மாற்ற வேண்டும். மாஷ் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் அந்த டவுன்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன், பார்க்கவில்லை. எஸ்தர் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நாலு நாள் அந்த வார்த்தை அப்படியே நின்றது. ஒரு வார்த்தை. அதை அழிக்கக்கூட எனக்குச் சத்தம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தோட்டத்தில் வாய்விட்டு அழப் பார்த்தேன். அதுவும் வரவில்லை.

நாலாம் நாள் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் லீலா சேச்சியிடம் போய் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அவர் சிரித்தார். "சேட்டா, நீங்களே எழுதி நீங்களே மாத்துற மாதிரி உண்டல்லோ. யாரையும் போன் விளிக்க வேண்டாம்" என்று சபைக்கு வேறொரு வெப்சைட்டைத் திறந்து கொடுத்தார். சி.எம்.எஸ். என்பார்களாம். டெம்ப்ளேட் சாதாரணம்தான். வெள்ளைப் பக்கம், மேலே ஆலயப் படம், கீழே அறிவிப்பு. என் போனில் "தண்ணீர்" என்று தமிழில் அடித்து ஒரு பட்டனைத் தொட்டேன். வந்துவிட்டது. அழித்தேன், போனது. திரும்ப அடித்தேன்.

என் ஜெபத்தின் இரண்டாம் பாதிக்கான பதில் என் கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. மாஷும் வந்துவிட்டார். என் புதுப் பக்கத்தைப் பார்த்து, "இது பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டு போல இருக்கு. சபைக்கு ஒரு பங்கி வேண்டே?" என்றார். என்னால் வாதாட முடியுமா? "ஏதாவது ஒரு மாற்றம் சொல்லுங்கள் ஐயா" என்று எழுதிப் போதகரிடம் நீட்டினேன்.

"சரி. நாளைக்கு ஆராதனை ஒம்போதுக்கு இல்ல, எட்டரைக்கு. ரெண்டு பேரும் அவங்கவங்க வெப்சைட்ல மாத்துங்க பாப்போம்" என்றார் போதகர்.

மாஷ் டவுன்காரரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் கமிட்டியார் எல்லார் போனிலும் நான் போட்ட எட்டரை வந்துவிட்டது. மாஷ் போனைப் பாக்கெட்டில் போட்டார்.

"தங்கராசே, எனக்கும் ஒரு பாஸ்வேர்டு தா. மலையாளப் பக்கத்தை ஞான் எழுதுறேன். வெள்ளம் அந்தப் பக்கத்திலேயே நிக்கட்டே."

அன்று சாயங்காலம் மைத்துனன் ஜீப்பில் நாலு டிரம் தண்ணீரோடு மெட்டு ஏறி வந்தான். கம்பம் சபையார் கொடுத்தனுப்பியது. "இந்தாங்க மச்சான், நீங்க கேட்ட வெள்ளம்" என்றான். என் தப்பைக்கூடக் கர்த்தர் வீணாக்கவில்லை.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிறு வாசிக்கும் வேதபகுதி, அறிவிப்பு, ஜெப விண்ணப்பம் எல்லாவற்றையும் நான்தான் போடுகிறேன். இங்கிருந்து கஞ்சிக்கோடு கம்பெனி வேலைக்குப் போன ஒரு சகோதரி, "அண்ணே, ஷிப்டுக்குப் போற பஸ்ல படிக்கிறேன். நீங்க வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்று எழுதியிருந்தாள். அதை எஸ்தரிடம் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் நான் சும்மா உட்காரவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லி முடியாது.

பிரியமானவர்களே, கேட்டது கேட்டபடி வரவில்லை என்று முழங்காலை எடுத்துவிடாதீர்கள். உங்கள் பாரம் எதுவானாலும் எங்கள் சபைப் பக்கத்துக்கு எழுதுங்கள். போன் செய்தால் என்னால் பேச முடியாது. எழுதினால் அன்றைக்கே அதைப் போட்டு, உங்களுக்காக முதல் ஜெபத்தை நானே செய்கிறேன்.